நகராத மேகம்

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட வருபவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகுகள் எங்கள் படகுத்துறையில் ஆறேழு உண்டு. அவற்றில் ஒன்றைக் கரையில் இருந்தபடியே நடத்தி வந்தவரைத்தான் மேகக்கா என்று கூப்பிடுவோம். மேகம் பார்த்துச் சொல்லும் அக்கா என்பது வாயில் புழங்கிப் புழங்கி அப்படிச் சுருங்கிவிட்டது. அவருடைய அறையும் என் ஐஸ் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். நான் இந்தப் பக்கம் ஐஸ் உடைத்தால் அந்தப் பக்கம் மேசைமேல் டம்ளர் ஆடும். அதனால் எனக்குத் தெரியாமல் அங்கே பெரிதாக எதுவும் நடந்துவிட முடியாது. தெரியாததையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

சின்ன அறை. ஆணியில் தொங்கும் லைஃப் ஜாக்கெட்டுகள், மூலையில் தூண்டில் கழிகள், படகோடு பேசுவதற்கு ஒரு வயர்லெஸ், ஒரு மேசை, அதன்மேல் நிமிர்த்தி வைத்த கைபேசி. ஜன்னலைத் திறந்தால் கடல் முழுவதும் தெரியும். அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "கடலை முதுகுக்குப் பின்னால வெச்சுட்டு போன்ல தேடுறாங்கப்பா" என்று மற்றப் படகுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னிக்கு எப்படிக்கா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள்.

படகு அவர் கணவருடையது. படகு ஓட்டுவதில் நல்ல கைகாரர். ஒருநாள் விடிகாலையில் இரண்டு வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு வெளிப்பாறைக்குப் போனார். அது கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, தண்ணீருக்கடியில் கிடக்கும் பெரிய பாறை. மீன் நிறைய அடையும் இடம். போகும்போது வானத்தில் ஒரு பஞ்சு கிடையாது. முற்பகலில் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைகளைத் தாண்டிச் சூறைக்காற்று கிளம்பியது. கரைப்பக்கம் இருட்டுவதைப் பார்த்ததும் அவர் தூண்டிலைச் சுருட்டிவிட்டு நேராக வீட்டைப் பார்த்துப் படகைத் திருப்பியிருக்கிறார். பாதி வழியில் காற்று எதிரே வந்து படகைக் கவிழ்த்துவிட்டது. வாடிக்கையாளர்கள் இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். மிதந்தவர்களை இன்னொரு படகு தூக்கிக்கொண்டு வந்தது. அவர் போட்டிருக்கவில்லை. அதைப் போட்டால் கை மடங்காது என்பார். படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஆள் கிடைக்கவே இல்லை.

சில வாரங்கள் கழித்து, பிழைத்த இருவரில் ஒருவர் அக்காவைப் பார்க்க வந்தார். கணக்கர் வேலை பார்ப்பவர். வானிலை அலுவலகத்தின் இணையதளத்தில் பழைய ரேடார் படங்களை எடுத்துப் பார்க்க முடியும்; அவர் அந்த நாளின் படத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தார். கைபேசியை மேசைமேல் வைத்து அதை ஓடவிட்டார்.

"எல்லாம் இதுல தெரிஞ்சிருக்குங்க. நாம கிளம்பறப்பவே மலைக்கு அந்தப் பக்கம் ஆரம்பிச்சிருக்கு. யாராவது ஒருத்தர் இதைப் பாத்திருந்தா..." என்று நிறுத்தினார். அந்தப் படத்தை அக்காவின் கைபேசிக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டார். பாவம், அவரால் தூங்க முடிந்திருக்காது. இறக்கிவைக்க ஓர் இடம் தேடி வந்தார். அவர் இறக்கிவைத்ததை அக்கா தூக்கிக்கொண்டார்.

ரேடார் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கோபுரத்திலிருந்து ஓர் அலை போகிறது. வழியில் மழை இருந்தால் அதில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வருவதை வைத்துப் படம் போடுகிறார்கள். சாரல் என்றால் பச்சை, கனமழை என்றால் மஞ்சள், பேய்மழை என்றால் சிவப்பு. சில நிமிடங்களுக்கு ஒரு படம். அவற்றை வரிசையாக ஓடவிட்டால் மழை நடந்து வருவது தெரியும். அன்றைய மழை வளைந்த வில் போல நடந்து வந்தது. அக்கா அதை எத்தனை முறை ஓடவிட்டிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. இந்தப் படத்தின்போது கணவர் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். இந்தப் படத்தில் நிமிர்ந்து பார்த்திருப்பார். இதில் திரும்பியிருப்பார். அடுத்ததில் அவர் இருந்த இடமெல்லாம் சிவப்பு. "அதுக்கு அடுத்த படத்துல சிவப்பு கடந்து போயிடும் தம்பி. கடல் பழையபடி ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கும். அந்தப் படத்தைத்தான் என்னால பாக்க முடியாது" என்று ஒருநாள் சொன்னார்.

படகை விற்றுவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவருடைய நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணனோடு சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போய்ப் பழகியவள். அண்ணன் "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டே படகுத்துறை முழுவதும் அவளுக்குத் தங்கச்சி என்பதே பெயராகிவிட்டது. அவளைவிடச் சின்னவர்களும் வாய் கூசாமல் தங்கச்சி என்பார்கள். "நான் ஓட்டறேன் அண்ணி. நீங்க மேலே பாத்துச் சொல்லுங்க" என்றாள். அப்படித்தான் தொழில் திரும்ப ஆரம்பித்தது.

அக்கா கற்றுக்கொண்டது யாரும் சொல்லித்தந்ததல்ல. படத்தின் மூலையில் போட்டிருக்கும் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும், நெட் சுற்றிக்கொண்டே நின்றால் பழைய படம்தான் நிற்கும் என்பார். ஒற்றைப் படத்தை நம்பக்கூடாது, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்துப் பயனில்லை, மலைக்குப் பின்னால் பார்க்க வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மழை எவ்வளவு நகர்ந்தது என்று கட்டைவிரலை வைத்து அளப்பார். அதே விரலால் கரைக்கு இன்னும் எத்தனை தாவல் என்று எண்ணுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பியதும் உண்டு. மழையைக் காட்டும் படம் காற்றைக் காட்டாது என்பதை ஒருமுறை அலையில் நனைந்துபோன வாடிக்கையாளர்களின் வாயிலிருந்து தெரிந்துகொண்டார்.

ஆனால் நாள் ஆக ஆக அவர் "வேண்டாம்" என்று சொல்வது கூடிக்கொண்டே போனது. எங்கோ மூலையில் ஒரு பச்சைப் பொட்டு தெரிந்தாலும் பயணம் ரத்து. மற்றப் படகுகள் போய் மீனோடு திரும்பி வரும்; இவர்கள் படகு கட்டிய கயிற்றிலேயே ஆடிக்கொண்டிருக்கும். தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு படகைக் கழுவுவாள். கழுவிய படகையே மறுபடி கழுவுவாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் புள்ளி வந்தது.

காற்றே இல்லாத ஒரு விடியற்காலை. மேகம் கிடையாது. படத்தில் வெளிப்பாறை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி, சுற்றிலும் கொஞ்சம் மஞ்சள். அக்கா ஓடவிட்டுப் பார்த்தார். மழை என்றால் நகர வேண்டும். இது நகரவில்லை. நின்ற இடத்திலேயே கொஞ்சம் பெருத்தது, கொஞ்சம் இளைத்தது, மூச்சு விடுகிற மாதிரி. வெயில் ஏறியதும் காணாமல் போயிற்று. அன்றைய பயணத்தை ரத்து செய்தார். காரணம் சொல்லவில்லை. சில நாள் கழித்து, அதே போல அசைவில்லாத ஒரு காலையில், அதே இடத்தில் மறுபடி வந்தது. அன்றும் ரத்து.

"அவர் அங்கதான் நிக்கறாருன்னு நெனச்சேன் தம்பி. பைத்தியம்னு நெனைக்காத. உள்ளுக்குள்ள அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம் மாதிரி இருந்துச்சு" என்றார் பின்னால்.

நான் நினைக்கவில்லை. அந்தப் புள்ளியை நானும் பார்த்திருந்தேன்.

மூன்றாவது முறை அது வந்த அன்று, ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஏற்கெனவே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அக்கா தலையை ஆட்டியதும் அவர்களில் பருத்தவர், "எங்க லீவு நாளாப் பாத்துத்தான் உங்க போன்ல மழை பெய்யும் போல மேடம்" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நடுவில் இருக்கும் சுவரைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

"காட்டுங்க அண்ணி."

கைபேசியை மேசைமேல் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இது நகரவே இல்லையே."

"அதான் சொல்றேன், போகாத."

"மழைன்னா நகரும்னு நீங்கதான சொன்னீங்க. வெளில வந்து பாருங்க, ஒரு மேகம் காட்டுங்க."

"எனக்குச் சரியாப் படல."

"உங்களுக்கு எதுதான் சரியாப் படுது?" தங்கச்சியின் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "நீங்க மழையப் பாக்கல அண்ணி. அண்ணனைப் பாக்கறீங்க. எனக்கும் அவன் அண்ணன்தான். நான் தினமும் அந்தத் தண்ணி மேலதான் போய் வரேன்."

கதவு திறந்தது. மூன்று பேருக்கும் லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, தங்கச்சி படகை அவிழ்த்துவிட்டாள்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கைபேசிமுன் உட்கார்ந்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு விரல்களால் படத்தை விரித்து விரித்து, திரை முழுவதும் அந்தப் புள்ளி ஒன்றே நிற்கும்படி வைத்திருந்தார். தேநீரில் ஆடை படிந்தது. படகு போய்ச் சேர்ந்திருக்கும் நேரம் ஆனதும் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"தங்கச்சி, எங்க இருக்க?"

"பாறைக்கு நேர் மேல அண்ணி. நங்கூரம் போட்டாச்சு."

"மழை?"

"ஒரு சொட்டு இல்ல."

"காத்து?"

"இவர் சிகரெட் புகை நேரா மேல போகுது. தண்ணி தட்டு மாதிரிக் கிடக்கு."

அக்கா கைபேசியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார்.

"நீ சிவப்புக்குள்ள நிக்கற. சரியா நடுவுல. அங்க என்ன இருக்கு?"

வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். பிறகு தங்கச்சியின் குரல், மிக மெதுவாக:

"இங்க யாரும் இல்ல அண்ணி."

என்ன என்று கேட்டதற்கு யாரும் இல்லை என்று பதில் வந்தது. அது இரண்டு பேருக்கும் உறைத்திருக்க வேண்டும். அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புதிய படம் வரும், புள்ளி அங்கேயே இருக்கும். அடுத்த படம் வரும், அங்கேயே இருக்கும். நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

வெயில் ஏறுவதற்குள் ஐஸ் ஏற்ற வண்டி வரவேண்டியிருந்தது. மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடுவதா வேண்டாமா என்று யோசனை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அக்கா, ஊருக்குள்ள மழை உண்டா?" என்றேன். வாய்க்கு வந்த கேள்விதான். அக்கா ஏதோ தூக்கத்தில் இருப்பவர் மாதிரி விரல்களைக் குவித்துப் படத்தைச் சுருக்கினார். புள்ளி சிறுத்தது. கடல் வந்தது. கரை வந்தது. ஊர் வந்தது. மலை வந்தது.

மலைக்கு இந்தப் பக்கம், தெற்கிலிருந்து வடக்கு வரை, வளைந்த ஒரு பட்டை. நடுவில் சிவப்பு. ஓடவிட்டார். அது நகர்ந்தது. கட்டைவிரலை வைத்து அளந்தார். இன்னொரு முறை அளந்தார். இவ்வளவு நேரமும் அது வந்துகொண்டே இருந்திருக்கிறது. அக்காவோ, இல்லாத ஒன்றைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, கயித்தை அறுத்துட்டுக் கிளம்பு."

"மறுபடியும் அதேவா அண்ணி? இங்க நல்லா கடிச்சிட்டு இருக்கு. இப்பத்தான்..."

"இது வேற. இது நகருது. மலையத் தாண்டிடுச்சு."

இரைச்சல். அவள் கரைப்பக்கம் திரும்பிப் பார்த்திருப்பாள். அத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் மலை நீலமாக, எப்போதும் போலத்தான் தெரிந்திருக்கும். நம்புவதற்குக் காரணமே இல்லை. எத்தனை முறை வேண்டாம் என்று சொன்னவர், எத்தனை முறை ஒன்றும் வராமல் போனது.

"அண்ணி, நிஜமாச் சொல்லுங்க. நீங்க பாக்கறது மழைதானா?"

"மழைதான்டி. உங்க அண்ணன் இல்ல." அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "வீட்டுக்கு வராத. வீட்டுக்கு வந்தா நடுவுல மாட்டுவ. வடக்குப் பக்கம் பட்டை மெலிஞ்சிருக்கு. வடமுனைக்கு ஓட்டு. முனைக்கு மறைவுல போய் ஒதுங்கு."

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். பின்னாலேயே எஞ்சின் முடுக்கும் சத்தம் வயர்லெஸ்ஸில் கேட்டது.

அக்கா மற்றப் படகுகளுக்கும் சொன்னார். உள்ளூர்க் கரையோரம் இருந்தவை அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தன. காற்று வந்தபோது என் கடைக் கூரையிலிருந்து ஒரு தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்ப் படகுத்துறையின் மறுமுனையில் போட்டது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று, போட்டதும் மின்சாரம் போயிற்று. செல்போன் கோபுரமும் போயிருக்க வேண்டும். கைபேசியில் படம் நின்றுவிட்டது. மூலையில் இருந்த நேரம் மாறவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார், கூப்பிட்டார், பதில் இல்லை. முனையின் பாறை குறுக்கே நிற்பதால் அப்படி இருக்கலாம் என்று நான் சொன்னேன். அதை நானே நம்பினேனா தெரியாது.

அப்போது அக்கா எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதல் முறையாக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே தெரிவதற்கு ஒன்றும் இல்லை. வெள்ளையாக மழைதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை ஓய்ந்து சிக்னல் வந்தபிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா எடுக்கவில்லை, என்னிடம் நீட்டினார். வடமுனையில் வலை காயப்போடும் யாரோ ஒருவர். "இங்க ஒரு அம்மா படகைக் கொண்டாந்து சேர்த்திருக்காங்க. போன் நனைஞ்சிடுச்சாம். எல்லாரும் நல்லா இருக்காங்க, ஒருத்தருக்கு மட்டும் மணிக்கட்டு சுளுக்கு" என்றார். நான் அதை அக்காவிடம் திரும்பச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார். பிறகு மேசைமேல் கவிழ்ந்துகொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, தகரத்தைத் தேடப் போனேன்.

மறுநாள் காலையில் படகு திரும்பியது. அறுத்த கயிற்று முனை முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்த பருத்தவர் அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். தங்கச்சி அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னால பாத்திருக்கலாம்டி. நான் அந்தப் புள்ளியையே பாத்துட்டு இருந்துட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நானும் தண்ணியையே பாத்துட்டுத்தான் இருந்தேன் அண்ணி. நீ நடுவுல நிக்கறன்னு நீங்க சொன்னதுக்கப்புறம் கரைப்பக்கம் திரும்பவே இல்ல. அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கூடப் பாத்தேன், அந்த மூணு பேருக்கும் கேக்காத மாதிரி."

இரண்டு பேரும் அழுதார்கள். நான் ஐஸ் உடைப்பதை நிறுத்தி வைத்தேன்.

அதற்கு மறுநாள் அக்கா வானிலை அலுவலகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். எடுத்தவர் ஒரு பெண். அவசரம் இல்லாமல் பேசினார். காற்று அசையாத காலைகளில் கடலுக்கு மேலே சூடான காற்று ஒரு மூடி போல நிற்கும், அதில் ரேடாரின் அலை வளைந்து கடல்மேலேயே பட்டுத் திரும்பிவரும், மழை இல்லாத இடத்தில் மழை மாதிரி காட்டும் என்றார். வெயில் ஏறினால் மூடி கலைந்துவிடும், புள்ளியும் போய்விடும்.

"அடியில ஏதாவது கிடந்தா அப்படித் தெரியுமாம்மா?" என்று கேட்டார் அக்கா.

"தண்ணிக்குள்ள ரேடார் பாக்காதுங்க."

"ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துலதான் வருது."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினார். "அப்படி ஒரே இடத்துலதான் வரணும்னு இல்ல. ஆனா வரலாம்" என்றார்.

அதன்பின் மேகம் பார்ப்பதை இருவரும் சேர்ந்து செய்தார்கள். யார் வேண்டாம் என்று சொன்னாலும் ஏன் என்பதை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. தங்கச்சி படகில் இருக்கும்போது அக்கா கடலை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. மலையும் சேர்ந்தே திரையில் இருக்கும். பயணங்கள் ஒழுங்காக நடந்தன. தங்கச்சிக்குப் பின்பு கல்யாணம் ஆயிற்று. கணவன் எஞ்சின் வேலை தெரிந்தவன். அக்கா இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு படம் பார்க்கிறார்.

அசைவில்லாத சில காலைகளில் அந்தப் புள்ளி இப்போதும் வருகிறது. அது என்னவென்று அக்காவுக்குத் தெரியும். தங்கச்சிக்கும் தெரியும். "நகரல" என்பாள் அவள். "ஆமா, நகரல. போயிட்டு வா" என்பார் இவர். படகு கிளம்பிப் போகும். வெளிப்பாறையில் நங்கூரம் போட்டதும் தங்கச்சி வயர்லெஸ்ஸில் கூப்பிடுவாள். தண்ணி எப்படி, காற்று எப்படி என்று அக்கா கேட்பார். பேச்சு முடிந்தபின்னும் உடனே வைத்துவிட மாட்டார்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் அது கேட்கும்.